பூட்டு யார் பொறுப்பு? வாகனத் திருட்டும் தடுப்புத் தொழில்நுட்பமும்

1980-ல் மேற்கு ஜெர்மனியில், ஹெல்மெட் போடாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு நின்ற இடத்திலேயே அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். தலைக்காயத்தால் சாகிறவர்களைக் காப்பாற்றுவது மட்டுமே நோக்கம். திருட்டைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986-க்குள் 54,000 அளவுக்கு இறங்கிவிட்டது. தெருவில் நிற்கும் வண்டியைப் பார்த்ததும் ஆசைப்பட்டு எடுத்துப் போகிறவன் கையில் ஹெல்மெட் வைத்துக்கொண்டு திரிவதில்லை. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் முதல் முனையிலேயே போலீஸ் நிறுத்துகிறது. அவ்வளவு சின்னத் தடை போதுமானதாக இருந்தது. அந்தத் திருடர்கள் கார் பக்கம் போனார்களா என்றும் பார்த்தார்கள். கார் திருட்டு ஓரளவு கூடியது. ஆனால் மோட்டார் சைக்கிளில் குறைந்ததற்கு ஈடாகும் அளவுக்கு இல்லை. பாட் மேஹ்யூ, ரொனால்ட் கிளார்க், எலியட் ஆகிய மூவரும் 1989-ல் வெளியிட்ட இந்த ஆய்வு குற்றவியலில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. அதே கேள்வியை நம் மதராஸ் நகரை வைத்து மங்கை நடராஜனும் கிளார்க்கும் 1994-ல் ஆராய்ந்தார்கள்.

இந்த ஆய்விலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வாகனத் திருட்டைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் திருடனின் சாமர்த்தியத்தையோ புதுக் கருவியின் மகிமையையோதான் பேசுகிறோம். கடந்த அறுபது ஆண்டு அனுபவத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. திருட்டைத் தடுக்கும் நுட்பம் அநேகமாக எப்போதும் கைவசம் இருந்தது. அது எல்லா வண்டிக்கும் போய்ச் சேர்ந்ததா, சில வண்டிக்கு மட்டும் கிடைத்ததா என்பதுதான் விளைவைத் தீர்மானித்தது. எந்த வண்டிக்குப் போய்ச் சேரும் என்பதையோ, திருட்டின் நஷ்டம் யார் கணக்கில் விழுகிறது என்பது தீர்மானித்தது.

கார் ஸ்டீயரிங்கைப் பூட்டும் பூட்டு இதற்கு முதல் சான்று. மேற்கு ஜெர்மனி 1961-ல் புதிய கார்களுக்கும், 1963-ல் சாலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களுக்கும் சேர்த்து அதைக் கட்டாயமாக்கியது. கார் திருட்டு நாடு முழுவதும் சட்டென்று குறைந்தது. குறைந்தது திரும்ப ஏறவில்லை. பிரிட்டன் 1971-ல் அதே பூட்டைப் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. புதிய கார்கள் தப்பின. திருடர்கள் பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள். மொத்தத் திருட்டில் பல ஆண்டுகளுக்குப் பெரிய மாற்றமே இல்லை. பூட்டு ஒன்றுதான். ஒரு நாடு அதைப் பழைய வண்டிக்காரனுக்கும் கொண்டு சேர்த்தது. மற்றொரு நாடு அவனை விட்டுவிட்டது.

அடுத்து வந்தது இம்மொபிலைசர். கார் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சில்லு இருக்கும். அதற்குத் தனி பேட்டரி கிடையாது. சாவியை நுழைத்ததும் இக்னிஷனைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் தாழ் அலைவரிசையில் அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. கார் ஒரு எண்ணை அனுப்புகிறது. சில்லு தன்னிடமுள்ள ரகசியத்தை வைத்துக் கணக்கிட்டுப் பதில் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. பதில் சரியாக இருந்தால் மட்டுமே எஞ்சினுக்கு எரிபொருள் இறங்கும். கள்ளச்சாவி போட்டாலும், வயரை வெட்டி டைரக்ட் பண்ணினாலும் எஞ்சின் உயிர்பெறாது. ஐரோப்பிய ஒன்றியம் 1995-ல் ஆணை பிறப்பித்து, 1998 முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001-லும் கனடா 2007-லும் பின்தொடர்ந்தன.

கட்டாயமாக்கியதால் என்ன பயன் என்பதை நெதர்லாந்து தரவுகளை வைத்து யான் வான் ஊர்ஸ், பென் வோலார்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அளந்தார்கள். சில்லு உள்ள கார்கள் தப்பியது, அது இல்லாத பழைய கார்களின் பக்கம் திருடர்கள் திரும்பியது, இரண்டையும் கணக்கில் எடுத்த பிறகும் கார் திருட்டு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. இங்கிலாந்திலும் 1990-களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த கார் திருட்டு அடுத்த இருபது ஆண்டுகளில் பெருமளவு சரிந்தது. கிரகாம் ஃபாரெல் போன்ற ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பதின்வயதுப் பையன்களைக் குற்றத்துக்குள் இழுக்கும் முதல் வாசலாகக் கார் திருட்டு இருந்தது. அந்த வாசல் அடைபட்டதால் பிற குற்றங்களும் குறைந்தன என்பது அவர்கள் வாதம். முழுமையாக நிரூபிக்கக் கடினமான கருத்துதான். ஆனாலும் எனக்கு அது நம்பத்தக்கதாகவே படுகிறது.

அமெரிக்காவோ இம்மொபிலைசரைச் சட்டமாக்கவே இல்லை. பெரும்பாலான கார் நிறுவனங்கள் தாமாகவே பொருத்தின. ஹூண்டாய், கியா இரண்டும் செலவை மிச்சப்படுத்தின. அமெரிக்க நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனத்தின் கணக்குப்படி, 2015-ம் ஆண்டு மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்துக்கு இம்மொபிலைசர் இருந்தது. இந்த இரண்டு நிறுவனங்களின் கார்களில் 26 சதவீதத்துக்குத்தான் இருந்தது. சட்டம் இருந்த கனடாவில் அதே நிறுவனங்கள் அதே மாடல்களை இம்மொபிலைசருடன் விற்றன. மில்வாக்கி நகரத்துப் பதின்வயதுப் பையன்கள் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு யூஎஸ்பி கேபிளின் முனை போதும் என்பது 2022 கோடையில் டிக்டாக் வழியாக நாடு முழுவதும் பரவியது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, இப்படித் திருடிய கார்களால் குறைந்தது 14 விபத்துகளும் எட்டு மரணங்களும் நேர்ந்ததாக அறிவித்தது. மென்பொருளை மாற்றியாக வேண்டிய கார்களின் எண்ணிக்கை 83 லட்சம். சில நகரங்களில் காப்பீட்டு நிறுவனங்கள் இந்த மாடல்களுக்குப் புதிய பாலிசி தர மறுத்தன. கடைசியில் இரு நிறுவனங்களும் சுமார் 20 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. பணத்தை விடுங்கள். எட்டு உயிர்கள் போயின. ஓட்டியவர்களில் பலர் சிறுவர்கள்.

இதற்கு நேர்மாறான கதை கனடாவின் வின்னிபெக் நகரத்தில் நடந்தது. வாகனத் திருட்டின் மொத்த வரலாற்றிலும் நாம் அதிகம் படிக்க வேண்டியது இந்த ஊரைப் பற்றித்தான் என்பது என் கருத்து. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மக்கள்தொகை விகிதப்படி கனடாவிலேயே மிக அதிகமாக வண்டி திருடு போன நகரம் அது. திருடியவர்களில் பெரும்பாலோர் பையன்கள். விற்பதற்காக அவர்கள் எடுக்கவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்காகவும், சக பையன்கள் முன்னால் பெருமை காட்டுவதற்காகவும் எடுத்தார்கள். ஓட்டும்போது ஆட்களை இடித்துக் கொன்ற சம்பவங்களும் உண்டு. அந்த மாகாணத்தில் அடிப்படை வாகனக் காப்பீடு முழுவதும் மானிடோபா பொதுக் காப்பீட்டுக் கழகம் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. ஒவ்வொரு திருட்டுக்கும் அதே நிறுவனம்தான் பணம் கொடுக்க வேண்டும். அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எந்த மாடல் பழைய கார்கள் அதிகம் திருடு போகின்றன என்று பட்டியல் எடுத்து, அந்த வண்டிகளுக்கு இலவசமாகவே இம்மொபிலைசர் பொருத்திக் கொடுத்தார்கள். 2007-ல் அதிக ஆபத்துள்ள வண்டிகளுக்கு அதைக் கட்டாயமாகவும் ஆக்கினார்கள். அதோடு, திரும்பத் திரும்பத் திருடும் பையன்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, நெருக்கமான கண்காணிப்பிலும் ஆலோசனையிலும் வைத்தார்கள். சில ஆண்டுகளில் திருட்டு முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. இருந்த சில்லைப் பழைய வண்டிக்குப் போட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவும் 1999-ல் இதே வழியில்தான் போனது. பழைய வண்டி கை மாறும்போது, பதிவைப் புது ஆள் பெயருக்கு மாற்றுவதற்கு முன் இம்மொபிலைசர் இருந்தாக வேண்டும் என்றது.

இம்மொபிலைசர் உடைக்க முடியாத பூட்டு என்று யாரும் சொல்ல முடியாது. அதன் பலவீனங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்த வரலாறு கொஞ்சம் கவலை தருவது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த, லட்சக்கணக்கான சாவிகளில் இருந்த ஒரு சில்லின் ரகசியம் வெறும் 40 பிட் நீளம். 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்துடன் சேர்ந்து, சாத்தியமான எல்லா எண்களையும் முயன்று பார்க்கும் கருவி ஒன்றைக் கட்டினார்கள். அசல் சாவியின் சில்லைப் போல நடிக்கும் கருவியால் ஒரு ஃபோர்ட் காரை ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். அந்தச் சில்லுக் குடும்பத்தின் சாயல் பல ஆண்டுகளுக்குப் பிறகும் போகவில்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2018-ல் டெஸ்லா மாடல் எஸ் காரின் சாவியை நகலெடுத்தபோது உள்ளே இருந்ததும் அதே 40 பிட் முறைதான். விலை உயர்ந்த கார் என்பதால் பூட்டும் உயர்ந்ததாக இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

இன்னொரு சில்லின் கதையில் அறிவியலோடு நீதிமன்றமும் வருகிறது. மெகாமோஸ் என்ற சில்லின் குறைகளை பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஃபிளாவியோ கார்சியாவும் நெதர்லாந்து சகாக்கள் இருவரும் கண்டுபிடித்து, 2013-ல் கட்டுரையாக வெளியிட இருந்தார்கள். ஃபோக்ஸ்வாகன் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு அந்தக் கட்டுரை வெளிவர 2015 வரை ஆனது. இரண்டு ஆண்டுகளாகக் கார் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் பூட்டின் நிலை தெரியாது. பூட்டின் குறையை உரியவரிடமிருந்து மறைப்பது பாதுகாப்பு அல்ல என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பையிலிருந்து சாவியை எடுக்காமலேயே கதவு திறக்கும் கார்கள் வந்த பிறகு, ரகசியத்தை உடைக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. கார் மெல்லிய சமிக்ஞை ஒன்றை அனுப்புகிறது. ஓரிரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் சாவிக்குத்தான் அது கேட்கும் என்பது ஏற்பாடு. ஒருவன் வீட்டு வாசலருகே ஒரு கருவியோடு நிற்கிறான், இன்னொருவன் கார் அருகே நிற்கிறான். இருவரும் சேர்ந்து அந்தச் சமிக்ஞையை வீட்டுக்குள் மேசை மேல் கிடக்கும் சாவி வரை நீட்டிவிடுகிறார்கள். சாவி நேர்மையாகப் பதில் சொல்கிறது, கார் நம்பித் திறக்கிறது. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சியோன், டானேவ், சாப்கூன் மூவரும் எட்டு நிறுவனங்களின் பத்து கார் மாடல்களை 2011-ல் சோதித்தார்கள். பத்தும் தோற்றன. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நிறுவனங்கள் அதே முறையில் கார்களை விற்றுக்கொண்டிருந்தன. பிறகுதான் இரண்டு தீர்வுகள் வந்தன. அசையாமல் கிடந்தால் சாவி தானே தூங்கிவிடும் என்பது எளிய தீர்வு. அல்ட்ரா வைடுபேண்டு என்ற ரேடியோ முறை இன்னும் உறுதியானது. அலை போய்த் திரும்பும் நேரத்தைத் துல்லியமாக அளந்து சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது சொல்லிவிடும். சமிக்ஞையை நடுவில் நீட்டினாலும் ஒளியின் வேகத்தை யாராலும் கூட்ட முடியாது. ஆகவே நேரம் காட்டிக்கொடுத்துவிடும். 2021-ல் வந்த டிஜிட்டல் சாவிக்கான மூன்றாம் பதிப்புத் தரநிலை இதை ஏற்றுக்கொண்டது.

முன்கதவு பலமானதும் திருடர்கள் பக்கவாட்டில் நுழைந்தார்கள். 2022-ல் லண்டனில் இயன் டேபர் என்ற வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த டொயோட்டா கார் திருடு போனது. அதற்கு முன்பே யாரோ முன்விளக்கின் அருகே வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். போக்கிரித்தனம் என்றே அவர் முதலில் நினைத்தார். பிறகு கென் டிண்டெல் என்ற பொறியாளரோடு சேர்ந்து ஆராய்ந்து, 2023 ஏப்ரலில் விவரத்தை வெளியிட்டார். காரின் உறுப்புகள் எல்லாம் கேன் எனப்படும் இரட்டை வயர்த் தடத்தில் பேசிக்கொள்கின்றன. போஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய முறை அது. அந்தத் தடத்தில் வரும் செய்தியை யார் அனுப்பினார்கள் என்று கேட்கும் வழக்கம் இல்லை. விளக்கு வரை ஓடும் அந்த வயரில் ஒரு கருவியைச் செருகி, சாவி வந்துவிட்டது என்ற பொய்ச் செய்தியை அனுப்பினால் கார் நம்பிவிடுகிறது. அந்தக் கருவி ஒரு புளூடூத் ஸ்பீக்கரின் கூட்டுக்குள் ஒளித்து விற்கப்பட்டது. ஒவ்வொரு செய்திக்கும் கையெழுத்துப் போலக் குறியீட்டுச் சரிபார்ப்பு சேர்ப்பதுதான் இதற்குத் தீர்வு. ஐக்கிய நாடுகள் சபையின் வாகனச் சைபர் பாதுகாப்பு விதி எண் 155-ஐ, 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களும் நிறைவேற்ற வேண்டும். இதிலும் பழைய வண்டிகள் வெளியேதான் நிற்கின்றன.

வண்டி போய்விட்டது என்றால் அதைத் தேடிப் பிடிப்பது வேறு தொழில்நுட்பம். 1986-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லோஜாக் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. வண்டிக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் சின்ன ரேடியோ அது. வெளியே ஸ்டிக்கர் எதுவும் ஒட்டமாட்டார்கள். வண்டி திருடு போனதும் போலீஸ் அதை உயிர்ப்பித்துச் சமிக்ஞையைப் பின்தொடரும். இயன் ஏயர்ஸ், ஸ்டீவன் லெவிட் இருவரும் 1998-ல் இதை ஆராய்ந்து, மூன்று கார்களில் லோஜாக் பொருத்தினால் ஆண்டுக்கு ஒரு திருட்டு குறைகிறது என்று கணித்தார்கள். எந்தக் காரில் இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாததால் எல்லாக் கார்களையும் அவன் சந்தேகிக்க வேண்டியிருந்தது. கருவியை வாங்கியவருக்கு அதன் மொத்த நன்மையில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. மீதி முழுவதும் அக்கம்பக்கத்தாருக்குப் போனது. ஸ்டீயரிங் மேல் பளிச்சென்று மாட்டும் இரும்புப் பூட்டு இதற்கு எதிர்ப்பக்கம். என் காரைக் காப்பாற்றும், திருடனை அடுத்த வீட்டுக்கு அனுப்பும். இதனால்தான் பாதுகாப்பை அவரவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது என்கிறேன். ஊருக்கெல்லாம் நன்மை தரும் பூட்டுக்குத் தனி ஒருவர் முழுப் பணம் கொடுக்க முன்வரமாட்டார். அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் பூட்டுக்குத் தாராளமாகக் கொடுப்பார்.

இப்போதைய ஜி.பி.எஸ். கருவிகள் விலை மலிந்துவிட்டன. அவற்றைச் செயலிழக்க வைக்கும் ஜாமரும் மலிவாகவே கிடைக்கிறது. கனடாவில் திருடு போன கார்கள் கன்டெய்னரில் ஏறி, மான்ட்ரியல் துறைமுகம் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மத்தியக் கிழக்குக்கும் போயின. கப்பல் ஏறிய வண்டியின் இருப்பிடம் தெரிந்தாலும் சொந்தக்காரரால் செய்ய முடிவது ஒன்றுமில்லை. 2024 பிப்ரவரியில் அந்நாடு தேசிய மாநாடு கூட்டி, ரேடியோ சமிக்ஞைகளைக் கையாளும் ஃபிளிப்பர் ஜீரோ என்ற கைக்கருவியைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது. பாதுகாப்பு வல்லுநர்கள் எதிர்த்தார்கள். கருவியைத் தடுப்பதைவிடக் காரின் பூட்டைத் திருத்துங்கள் என்ற அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது.

திருடிய வண்டிக்குச் சந்தை இருக்கும் வரை திருட்டும் இருக்கும். வண்டியை முழுசாக விற்க வேண்டுமானால் அதன் அடையாளத்தை மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள 17 எழுத்துச் சேசிஸ் நம்பர்தான் அதன் பிறப்புச் சான்று. ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு குழம்பாமலிருக்க ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் சேர்ப்பதில்லை. திருடர்கள் அந்த எண்ணை அரத்தால் ராவிவிட்டு வேறு எண் அடிப்பார்கள். தடய அறிவியல் இங்கே அழகாக வேலை செய்கிறது. எண்ணை அச்சடிக்கும்போது விழும் அடி, மேற்பரப்புக்குக் கீழே உள்ள உலோகத்தையும் நெருக்கி இறுக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவதை ராவி எடுத்தாலும் அந்த இறுக்கம் அடியில் தங்கிவிடும். தாமிர குளோரைடு கலந்த அமிலத்தைத் தடவினால் இறுகிய இடம் ஒரு விதமாகவும் மற்ற இடம் வேறு விதமாகவும் அரிபட்டு, அழித்த எண் மெல்ல மேலே எழும்பி வரும்.

உதிரி உதிரியாகப் பிரித்து விற்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உத்தரப் பிரதேசம் மீரட்டின் சோத்தி கஞ்ச் சந்தை, திருட்டு வண்டிகளைப் பிரிப்பதில் இந்தியா முழுவதும் பெயர் வாங்கியிருந்தது. 2021 டிசம்பரில் போலீஸ் அதை மூடியது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரிபாகத் தொழிலை நேர்மையாகச் செய்யும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. வந்த பொருள் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சொல்லும் குறி இல்லாததால் அவர்களும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். தென்னாப்பிரிக்கா 2012 முதல் புதிய வண்டிகளில் மணல் அளவுப் புள்ளிகளைத் தெளிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் வண்டியின் எண் நுண்ணெழுத்தில் இருக்கும். இந்திய அரசும் 2019-ல் இதற்கு வரைவு அறிவிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானது. அசோகச் சக்கர ஹோலோகிராம், லேசரால் செதுக்கிய தனி எண், கழற்றினால் உடையும் பூட்டு ஆகியவை அதில் உண்டு. போலி நம்பரில் முழுசாக ஓடும் வண்டியைப் பிடிக்க அது உதவும். பிரித்துப்போட்ட வண்டிக்கு நம்பர் பிளேட்டால் பயனில்லை.

நம் ஊரில் திருடு போவது பெரும்பாலும் டூ-வீலர். மேலே சொன்ன சில்லு, ரேடியோ, குறியீட்டுக் கதைகளில் அநேகமாக எதுவும் அந்த வண்டியைத் தொடவில்லை. கம்யூட்டர் பைக்கில் இன்றும் இருப்பது சைடு லாக் ஒன்றுதான். காலால் ஓங்கி உதைத்து அதை உடைக்கிறார்கள். பிறகு இக்னிஷன் வயரைச் சேர்த்தால் வண்டி கிளம்பிவிடும். 2023-ல் ஹோண்டா ஆக்டிவாவில் ஸ்மார்ட் சாவியும் இம்மொபிலைசரும் வந்தன, ஆனால் விலை கூடிய மாடலில் மட்டும். ஓசூரிலும் கிருஷ்ணகிரி பக்கமும் தயாராகும் ஏத்தர், டி.வி.எஸ்., ஓலா மின் ஸ்கூட்டர்களில் இருப்பிடம் காட்டும் வசதியும், தள்ளினால் செல்போனுக்கு எச்சரிக்கை வரும் வசதியும் இருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் கார்களில் நடந்த அதே பிரிவினை டூ-வீலரில் இப்போது தொடங்குகிறது. புது ஸ்கூட்டருக்குப் பாதுகாப்பு வரும். திருடன் ஆறு வயதான பைக்கைத் தேடி வருவான்.

அந்த ஆறு வயது பைக் யாருடையது? காலை நாலு மணிக்குக் கோயம்பேடு போகும் காய்க்காரருடையது, தவணையில் வாங்கிய டெலிவரிப் பையனுடையது, எலக்ட்ரீஷியனுடையது, புறநகர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஸ்டேண்டில் இடமில்லாமல் வேலியோரம் நிறுத்திவிட்டுப் போகும் துணிக்கடைப் பெண்ணுடையது. வண்டி போனால் இவர்களுக்கு மறுநாள் வேலையும் போகும். ஒரு பல்சர் காணாமல் போவதிலிருந்து ஒரு சாதாரணக் குடும்பத்துப் பையனின் வாழ்க்கையே தடம் மாறுவதை வெற்றிமாறன் 2007-ல் 'பொல்லாதவன்' படத்தில் எடுத்தார். அந்தப் படத்தை நம் மக்கள் அவ்வளவு நெருக்கமாக உணர்ந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ம் பிரிவு திருட்டுக்கும், 111-ம் பிரிவு கும்பலாகச் செய்யும் வாகனத் திருட்டுக்கும் தண்டனை சொல்கின்றன. நடைமுறையில்தான் சிக்கல். காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், எஃப்.ஐ.ஆர். போடுவதற்குள் நாள் நகரும். காப்பீட்டுப் பணம் கேட்க எஃப்.ஐ.ஆரும், வண்டி கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்றும், இரண்டு சாவிகளும் வேண்டும். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020-ல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் சொன்னது. வண்டி போனவர் முதலில் காவல் நிலையத்துக்கு ஓட வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வண்டி கிடைத்துவிட்டாலும் உடனே வீட்டுக்கு வருவதில்லை. காவல் நிலையங்களின் சுற்றுச்சுவரை ஒட்டி, செடி முளைத்துத் துருப்பிடித்துக் கிடக்கும் பைக்குகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் பல, யாரோ இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வண்டிகள். வழக்கு முடியும் வரை வண்டிகளைக் காவல் நிலையத்தில் போட்டு வைக்காதீர்கள், புகைப்படம் எடுத்துக்கொண்டு பிணையில் விடுவியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உத்தரவிட்டது. 2024-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ம் பிரிவு இதற்குக் கெடுவும் வைத்திருக்கிறது. 14 நாளில் பொருளின் விவரப் பட்டியலும் படமும் தயாராக வேண்டும், அடுத்த 30 நாளில் ஒப்படைப்பு உத்தரவு வர வேண்டும். நீதிமன்றத்தில் மனுப் போட்டு இதைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லும் ஒரு பலகையை ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் வைக்கலாம்.

இப்போதைக்கு ஒரு பைக் சொந்தக்காரர் தன் கைக்காசில் செய்யக் கூடியது கொஞ்சம்தான். சைடு லாக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் முன் சக்கரத்தில் டிஸ்க் லாக்கோ சங்கிலியோ போடலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லி, பெட்ரோல் டேங்குக்கு அடியில் மறைவாக ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் வைக்கலாம். பழைய வண்டிக்கு இருக்கும் மலிவான இம்மொபிலைசர் இதுதான், பெரும்பாலும் வேலையும் செய்கிறது.

ஆனால் வின்னிபெக்கில் நடந்தது ஏன் இங்கே நடக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் காப்பீட்டுக் கணக்கில் இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புது டூ-வீலருக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். திருட்டுக்குப் பணம் தரும் சொந்தச் சேதக் காப்பீடு கட்டாயமில்லை. ஆகவே அதைப் புதுப்பிக்காமல் விட்ட பைக்குகள் ஏராளம். புதுப்பித்தவருக்கும், வண்டி நான்கு வயதைத் தாண்டினால் மதிப்பு பாதியாகிவிடுகிறது. அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் மரபாகக் கிடைக்கும் கழிவு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், உச்சவரம்பு 500 ரூபாய். பிரீமியம் ஆயிரம் ரூபாய் என்றால் கழிவு 25 ரூபாய். அதற்காக யாரும் கருவி வாங்கப் போவதில்லை. மானிடோபாவில் ஒவ்வொரு திருட்டும் காப்பீட்டுக் கழகத்தின் பணத்தைத் தின்றது. அதனால் அது சில்லை இலவசமாகக் கொடுத்தது. இங்கே திருட்டுக் காப்பீடு இல்லாத பைக் போனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு நஷ்டமில்லை, தயாரிப்பாளருக்கு இன்னொரு வண்டி விற்கிறது. முழு நஷ்டமும் காய்க்காரர் தலையில். நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பூட்டைக் கொண்டு வர வேண்டியவர் எவரும் இந்த ஏற்பாட்டில் இல்லை.

இதை மாற்றப் பெரிய சட்டம் தேவையில்லை. கட்டாய மூன்றாம் நபர் காப்பீட்டோடு சிறிய திருட்டுக் காப்பீடு ஒன்றையும் டூ-வீலருக்கு இணைத்துவிட்டால், ஒவ்வொரு திருட்டும் நிறுவனங்களின் கணக்கில் விழும். நான்கு அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. தொடங்குவதற்கு அதுவே ஏற்ற இடம். புது பைக்குக்கு ஆலையிலேயே இம்மொபிலைசர் வர வேண்டும். பழைய பைக் கை மாறி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் பெயர் மாற்றத்துக்கு வரும்போது, மேற்கு ஆஸ்திரேலியா செய்தது போல, கருவியைப் பொருத்திய பிறகே ஆர்.சி. புத்தகம் புது ஆள் பெயருக்கு மாற வேண்டும். அதன் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும்.